‘ஆல் கம்ப்யூட்டர்ஸ்’ குரூப்பைத் தேர்வு செய்யும் முன்: ஐடி மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவமனை, கல்லூரி, மில், நிதி நிறுவனம் என்று நூற்றுக்கணக்கான கணினிகளை ஓர் அறையில் உட்கார்ந்தபடி நிர்வகிக்கும் ஐடி மேலாளர்களுக்கும், மாதக் கடைசியில் அவர்களிடம் கணக்குக் கேட்கும் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

கோவையிலும் சென்னையிலும் பல ஆண்டுகளாக இந்த வேலைதான் பார்க்கிறேன். பேட்ச் (மென்பொருளில் உள்ள ஓட்டையை அடைக்கும் திருத்தம்) அனுப்புவது, மென்பொருள் ஏற்றுவது, காலாவதியானதை நீக்குவது. ஒப்பந்த அடிப்படையில் போய் வருவதால் பல நிறுவனங்களின் கன்சோலை, அதாவது எல்லாக் கணினிகளையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் திரையை, திறந்து பார்க்கும் வாய்ப்பு கிடைக்கிறது. பார்த்தவரை எங்கும் மாறாத விஷயம் ஒன்று உண்டு. என்ன அனுப்புகிறோம் என்பதில் எல்லாருமே கவனமாக இருக்கிறீர்கள். வெர்ஷன் எண் சரியா, லைசென்ஸ் இருக்கிறதா, வெண்டர் என்ன சொல்லியிருக்கிறார் என்று இரண்டு முறை பார்க்கிறீர்கள். யாருக்கு, எந்த வரிசையில் என்ற கட்டம் வந்ததும் அவசரம் வந்துவிடுகிறது. திரையில் முதலில் தெரியும் கணினிக் குரூப்பைத் தேர்வு செய்து ஓகே கொடுத்துவிடுகிறீர்கள். அந்தக் குரூப்பின் பெயர் பெரும்பாலும் ‘ஆல் கம்ப்யூட்டர்ஸ்’.

அந்தத் தேர்வைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகம் இருக்கிறது. 2014 மே மாதம் அங்கே கணினிகளை மொத்தமாக நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் எஸ்சிசிஎம் என்ற மென்பொருள் வழியாக ஒரு விண்டோஸ் 7 இமேஜ், போக வேண்டிய கணினிகளுக்குப் போகாமல் எல்லா விண்டோஸ் கணினிகளுக்கும் போய்விட்டது. டெஸ்க்டாப், லேப்டாப், சர்வர் என்ற பாகுபாடே இல்லை. இமேஜ் என்றால் என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்க்கைப் புதிதாகப் பிரித்து, ஃபார்மேட் செய்து, விண்டோஸை முதலிலிருந்து நிறுவும். விஷயம் தெரிந்ததும் அங்கிருந்தவர்கள் எஸ்சிசிஎம் சர்வரை அணைத்தார்கள். அதற்குள் அந்த சர்வரே ஃபார்மேட் ஆகியிருந்தது. கட்டளை போட்ட சர்வரும் அந்தப் பட்டியலில் ஒரு விண்டோஸ் கணினிதானே.

அந்த நிகழ்வில் வைரஸ் இல்லை, ஹேக்கர் இல்லை. இமேஜும் நல்ல இமேஜ்தான். சொன்ன வேலையைப் பிசகாமல் செய்தது. பட்டியல் மட்டும்தான் தவறு.

பிறகு வந்த பதிப்புகளில் மைக்ரோசாஃப்ட் ஒரு தடுப்பு வைத்தது. கட்டாயமாக ஓடும் இமேஜ் வேலைகளை ‘அதிக ஆபத்துள்ளவை’ என்று தனியாகப் பிரித்து, கூடவே வரும் ‘ஆல் சிஸ்டம்ஸ்’ குரூப்புக்கு அவற்றை அனுப்பவே முடியாதபடி செய்தது. நாமாக உருவாக்கிய குரூப்புக்குத்தான் அனுப்பலாம்; அது பெரிய குரூப்பாக இருந்தால் எச்சரிக்கை வரும். நல்ல ஏற்பாடு. ஆனால் நம்மூரில் நான் திறந்து பார்த்த கன்சோல்களில் ‘ஆல் பிசி நியூ’, ‘ஆல் சிஸ்டம்ஸ் 2’ என்றெல்லாம் குரூப்புகள் இருக்கின்றன. தடுப்பைத் தாண்ட நம் ஆட்கள் தாங்களே செய்துகொண்டவை. எச்சரிக்கைப் பெட்டியைப் படிக்காமல் மூடும் விரலுக்கு எந்த மென்பொருளும் மருந்தல்ல.

இரண்டாவது சம்பவம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, நம் நேரப்படி காலை 9.39. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. சேனல் ஃபைல் 291 என்று அதற்குப் பெயர். 10.57-க்குத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஒன்றே கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதற்குள் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் புளூ ஸ்கிரீனில் நின்றன என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. அது மொத்த விண்டோஸ் கணினிகளில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனாலும் நம் விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுக்கும் நிலை வந்தது. அமெரிக்காவில் டெல்டா விமான நிறுவனம் சில நாட்களில் ஏறக்குறைய 7,000 விமானங்களை ரத்து செய்தது.

புரோகிராமில் நேர்ந்த பிழையைப் பற்றி அப்போது நிறையப் பேசினார்கள். அந்தப் பகுதி 21 உள்ளீடுகளைக் கொண்டதாக வரையறுக்கப்பட்டிருந்தது. மென்பொருள் கொடுத்ததோ 20. புதிய கோப்பு இருபத்தோராவதைத் தேடிப் போனபோது, தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைத் தொட்டது. சரி, பிழை எல்லா மென்பொருளிலும் வரும். என்னைப் போன்றவர்களை உறுத்தியது வேறு விஷயம். அந்த மென்பொருளின் சென்சாரை (ஒவ்வொரு கணினியிலும் ஓடும் அதன் பகுதியை) ‘புதிய பதிப்பு’, ‘ஒரு பதிப்பு பின்னால்’, ‘இரண்டு பதிப்பு பின்னால்’ என்று குரூப் வாரியாக வைத்துக்கொள்ள வசதி இருந்தது. பொறுப்பான நிர்வாகிகள் அப்படித்தான் வைத்திருந்தார்கள். சோதனைக் கணினிகள் புதிய பதிப்பில், சர்வர்கள் இரண்டு பதிப்பு பின்னால். ஆனால் 291 போன்ற கோப்புகள் அந்தக் குரூப்புகளுக்குக் கட்டுப்பட்டவையே அல்ல. அவை வேறு வாசல் வழியாக, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்தன. ஒழுங்காகப் பிரித்து வைத்தவரும் பிரிக்காதவரும் அன்று காலை ஒரே இடத்தில் நின்றார்கள்.

அதன் பிறகு அந்த நிறுவனம் இத்தகைய கோப்புகளையும் படிப்படியாக அனுப்புவதாகவும், எந்தக் குரூப்புக்கு எப்போது என்பதை வாடிக்கையாளரே தீர்மானிக்க வசதி தருவதாகவும் அறிவித்தது. உங்களிடம் இருக்கும் மற்ற மென்பொருள்கள்? ஆன்டிவைரஸ், ரிமோட் சப்போர்ட், பேக்கப் ஏஜென்ட், பிரவுசர், பிரிண்டர் கம்பெனி திணித்துவிட்டுப் போன அப்டேட்டர் எல்லாமே தனித்தனி வாசல்கள். இவற்றில் எது நீங்கள் போட்ட குரூப்பை மதிக்கிறது, எது மதிக்காமல் தானே இறங்கிக்கொள்கிறது என்று வெண்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லைசென்ஸ் புதுப்பிக்கும் நேரத்தில் கேட்டால் பதில் சீக்கிரம் வரும். மற்ற நாட்களில் ‘டெக்னிக்கல் டீமிடம் கேட்டுச் சொல்கிறேன் சார்’ என்பதோடு நின்றுவிடும்.

இங்கே நிர்வாகத்தினர் ஒரு கேள்வி கேட்பீர்கள், நியாயமான கேள்வி. பாதுகாப்பு அப்டேட் தாமதமானால் அதுவே ஆபத்தில்லையா? ஆபத்துதான். 2017-இல் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியபோது அதற்கான பேட்ச் வெளியாகி ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகியிருந்தது. மார்ச் 14-இல் பேட்ச், மே 12-இல் தாக்குதல். போடாதவர்கள் மாட்டினார்கள், பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. எனவே ‘எதற்கு வம்பு, எல்லாவற்றையும் தள்ளிப்போடு’ என்று நான் சொல்லவே இல்லை. அப்படிச் சொல்லும் ஆட்களோடு எனக்குத் தனிச் சண்டை உண்டு. வரிசை வேண்டும் என்கிறேன், தாமதம் வேண்டும் என்று சொல்லவில்லை. அவசரப் பேட்ச் என்றால் முதல் குரூப்புக்குக் காலை 10 மணிக்கு, இரண்டாவதற்கு மதியம், மற்றவர்களுக்கு மறுநாள். இரண்டு நாளில் முடிகிற வரிசையும் வரிசைதான். அந்த 2024 ஜூலைக் கோப்பை முதல் அரை மணி நேரம் ஆயிரம் கணினிகளுக்கு மட்டும் அனுப்பியிருந்தாலே மற்றவை தப்பித்திருக்கும்.

இனி குரூப்பை எப்படிப் பிரிக்கிறோம் என்பதற்கு வருகிறேன். எனக்கு அதிகம் மனக்குறை இருப்பது இதில்தான்.

நம்மூரில் குரூப் என்றால் கட்டடம், மாடி, டிபார்ட்மென்ட். ஆக்டிவ் டைரக்டரியை (நிறுவனத்தின் ஆட்கள், கணினிகள் பட்டியலை) முதலில் அமைத்தவர் ஆபீஸ் வரைபடத்தைப் பார்த்து அப்படிச் செய்திருப்பார். பிறகு யாரும் அதைத் தொடவில்லை. நான் வேலைக்குப் போன ஒரு மருத்துவமனையில் ‘இரண்டாம் மாடி’ என்று ஒரு குரூப். அதில் நர்ஸ் ஸ்டேஷன் கணினிகள், இரண்டு டாக்டர் அறைகள், டோக்கன் எண் காட்டும் டிவிக்குப் பின்னால் ஒரு மினி பிசி, ஓரத்தில் லேபில் ரத்தப் பரிசோதனை அனலைசரோடு கேபிளில் இணைந்த ஒரு பழைய டெஸ்க்டாப். எல்லாமே ஒரே மாடியில் இருந்தன என்பதைத் தவிர அவற்றுக்குள் எந்த ஒற்றுமையும் இல்லை. அந்த மாடிக்கு ரீஸ்டார்ட் கெடு காலை 10.30 என்று போட்டிருந்தார்கள். ஓபி (வெளிநோயாளிகள்) கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரம். நர்ஸ் ஸ்டேஷனில் ‘பிறகு செய்’ என்று அழுத்த ஆள் இருந்தார். அனலைசர் கணினிக்கு முன்னால் யாரும் உட்காருவதில்லை. அது சாம்பிள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரீஸ்டார்ட் ஆனது. ட்ரேயில் இருந்த குழாய்களில் எதற்கு ரிசல்ட் வந்தது, எதற்கு வரவில்லை என்று லேப் டெக்னீஷியன் பேனாவால் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டிருந்தார். சிலருக்கு மறுபடி ரத்தம் எடுக்க வேண்டியதாகிவிட்டது. அந்த மாத பேட்ச் அறிக்கையில் ‘இரண்டாம் மாடி, 100 சதவீதம் வெற்றி’ என்று பச்சை நிறத்தில் இருந்தது.

குரூப்பைப் பிரிக்க நான் கேட்கும் கேள்விகள் வேறு. இந்தக் கணினியோடு என்ன இணைந்திருக்கிறது? லேபிள் பிரிண்டரா, எடை மெஷினா, ஸ்கேனரா, அனலைசரா? எந்த நேரத்தில் இது நின்றால் யார் வரிசையில் நிற்பார்கள்? நின்றுவிட்டால் கையால் சரிசெய்ய ஆள் எவ்வளவு தூரத்திலிருந்து வர வேண்டும்? மாடி எதுவாக இருந்தால் என்ன. திருப்பூரில் இருக்கும் கிளையின் பில்லிங் கணினியும் தலைமை அலுவலகத்தின் பில்லிங் கணினியும் ஒரே வேலை செய்தாலும் கடைசிக் கேள்வியால் வேறு வேறு குரூப்பில் வர வேண்டும். ஒன்றுக்கு ஆள் இரண்டு நிமிடத்தில் நடந்து போவார். மற்றதற்கு பஸ் ஏற வேண்டும்.

அடுத்தது பெயரை நம்பும் தானியங்கிக் குரூப்புகள். கணினியின் பெயர் ‘பில்’ என்று தொடங்கினால் பில்லிங் குரூப்பில் தானாகச் சேரட்டும் என்று விதி எழுதிவைப்பது வசதிதான். ஆனால் ஒரு நாள் மெயின்டனன்ஸ் ஆட்கள் அந்தக் கணினியை ட்ராலியில் வைத்து எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பெயரை யார் மாற்றுவது? எக்ஸ்ரே அறையில் இருந்துகொண்டே அது பில்லிங் மென்பொருளைப் பெற்றுக்கொண்டிருக்கும். எக்ஸ்ரே மென்பொருளுக்கு வேண்டிய பழைய டாட்நெட்டை (அது ஓடத் தேவையான துணை மென்பொருளை) உங்கள் பில்லிங் விதி ஒரு நாள் நீக்கிவிடும். பெயரை வைத்து விதி எழுதுவதை விட, உண்மையில் நிறுவப்பட்டிருக்கும் மென்பொருளையும் இணைந்திருக்கும் கருவியையும் வைத்து எழுதுங்கள். இப்போதைய கருவிகள் பெரும்பாலானவற்றில் அந்தத் தகவல் வருகிறது.

ஆளுக்கு அனுப்புவதும் கணினிக்கு அனுப்புவதும் வேறு என்பதையும் பலர் கலந்துவிடுகிறார்கள். டாக்டர்கள் குரூப்புக்கு ஒரு மென்பொருளைக் கட்டாயமாக்கினால், அந்த டாக்டர் வார்டில் எந்தக் கணினியில் லாகின் செய்தாலும் அது அங்கே இறங்கத் தொடங்கும். அப்புறம் ‘ஐசியூ கணினிகள் வேண்டாம்’ என்று கணினிக் குரூப்பை விலக்கிவைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். மைக்ரோசாஃப்டின் இணையவழி நிர்வாகச் சேவையான இன்ட்யூனில் ஆட்கள் குரூப்பைச் சேர்த்துவிட்டுக் கணினிகள் குரூப்பை விலக்கினால் நீங்கள் நினைத்தபடி நடக்காது. மைக்ரோசாஃப்டே அப்படிக் கலக்காதீர்கள் என்கிறது. கணினிகளைக் கழிக்க ஃபில்டர் என்று தனி வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

விலக்குப் பட்டியல் என்றதும் ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. எல்லா நிறுவனத்திலும் ‘எக்ஸ்க்ளூட்’ என்று ஒரு குரூப் இருக்கும். அதன் முதல் உறுப்பினர் எம்.டி. கணினி. ‘அதை மட்டும் தொடாதேப்பா’ என்று யாரோ எப்போதோ சொல்லியிருப்பார்கள். பிறகு அவருடைய செயலாளர், ஃபைனான்ஸ் தலைவர், ஒரு முறை கோபப்பட்ட சீனியர் டாக்டர், ‘இந்த வாரம் மட்டும்’ என்று வந்து சேர்ந்து ஆண்டுக்கணக்காக அங்கேயே குடியிருக்கும் நாலைந்து கணினிகள். ஆக, நிறுவனத்தின் மிக முக்கியமான மெயில்கள் வரும் கணினிகள்தான் நிறுவனத்திலேயே பேட்ச் இல்லாத கணினிகள். நிர்வாகத்தினருக்கு நேரடியாகவே சொல்கிறேன்: உங்கள் கணினி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று நாளைக்கே கேளுங்கள். ஐடி ஆட்கள் தாங்களாகச் சொல்லமாட்டார்கள், சங்கடப்படுவார்கள். உங்கள் கணினி முதல் குரூப்பில் வர வேண்டியதில்லை. இரண்டாவதில் வந்தால் போதும். விலக்கு கொடுத்தால் அது முடியும் தேதியையும் அதே இடத்தில் எழுதச் சொல்லுங்கள்.

முதல் குரூப்பில், அதாவது பைலட்டில், யார் இருக்க வேண்டும்? பெரும்பாலான இடங்களில் ஐடி டீமின் சொந்தக் கணினிகளே பைலட். 16 ஜிபி ரேம், அட்மின் உரிமை, பக்கத்தில் பிரிண்டர் கிடையாது, பில்லிங் மென்பொருள் கிடையாது. அதில் எது போட்டாலும் ஓடும். 2021 செப்டம்பரில் வந்த விண்டோஸ் பேட்சுகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பிரிண்ட் ஸ்பூலரில் (பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தும் விண்டோஸ் பகுதியில்) இருந்த ஓட்டையை அடைப்பதற்காக அந்த ஆண்டு நடுவிலிருந்தே அடுத்தடுத்துப் பேட்சுகள் வந்துகொண்டிருந்தன. செப்டம்பர் பேட்சுக்குப் பிறகு, ஒரு கணினியில் பிரிண்டரை மாட்டி மற்றவர்களுக்கு ஷேர் செய்திருந்த சிறிய அலுவலகங்களில் பிரிண்ட் வரவில்லை. 11பி என்று முடியும் அந்தப் பிழைச் செய்தியை நம் துறையில் பார்க்காதவர்கள் குறைவு. ஐடி அறையில் மட்டும் சோதித்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. அங்கே ஷேர் செய்த பிரிண்டரே இல்லையே.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அது ஒரே பானை என்றால்தான். உங்களிடம் இருப்பது பத்துப் பானை. கவுன்டர் கணினி ஒன்று, அக்கவுன்ட்ஸ் ஒன்று, லேப் ஒன்று, குடோன் ஒன்று, கிளை ஒன்று, வெளியூர் சுற்றும் மார்க்கெட்டிங் லேப்டாப் ஒன்று என்று வகைக்கு ஒன்றை எடுத்துப் பைலட்டில் போடுங்கள். பேட்சைத் தானாக அனுப்பும் விண்டோஸ் ஆட்டோபேட்ச் போன்ற சேவைகளில், சோதனை வளையம் (குரூப்) போக, முதல் வளையத்துக்கு ஒரு சதவீதம், அடுத்ததற்கு ஒன்பது, மிச்சம் தொண்ணூறு என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஐம்பதாயிரம் கணினி வைத்திருப்பவர்களுக்கு அது சரி. முந்நூறு கணினி இருக்கும் நம் மருத்துவமனையில் ஒரு சதவீதம் என்றால் மூன்று கணினி. அந்த மூன்றும் ஒரே அறையில் இருந்தால் அது பைலட்டே அல்ல. நம் அளவுக்குச் சதவீதத்தை மறந்துவிட்டு வகையை எண்ணுங்கள்.

ஆளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எதுவானாலும் பொறுத்துக்கொள்ளும் அமைதியான ஊழியர் பைலட்டுக்கு லாயக்கில்லை. பிரிண்ட் வர மூன்று விநாடி தாமதமானாலும் உடனே போன் செய்து ‘என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?’ என்று கேட்கும் ஒருவர் ஒவ்வொரு டிபார்ட்மென்டிலும் இருப்பார். அவர்தான் வேண்டும். நிர்வாகம் செய்ய வேண்டியது, அவருக்கு இதை முறையாகச் சொல்லி, அவர் கணினி கெட்டால் வேலை செய்ய மாற்றுக் கணினி ஒன்றைத் தயாராக வைப்பது. ‘உங்கள் சிஸ்டத்தில்தான் முதலில் போடுவோம், தப்பாக நினைக்காதீர்கள்’ என்று முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். சிலருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கிறது.

இப்போது காலண்டர். மைக்ரோசாஃப்டின் மாதாந்திரப் பேட்ச் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வருகிறது. நமக்கு அது செவ்வாய் இரவு பத்தரை மணிக்கு மேல். புதன் காலை என்றே வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் செவ்வாய் எப்போதும் 8-ஆம் தேதிக்கும் 14-க்கும் நடுவில்தான் விழும். மாதாமாதம் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டி கணக்குகளில் ஜிஎஸ்டிஆர்-1-க்குக் கடைசி நாள் 11. ஜிஎஸ்டிஆர்-3பி-க்கு 20. அதாவது பேட்ச் வந்த நாளே அக்கவுன்ட்ஸ் கணினிகளுக்கும் அனுப்பினால் ஒரு கெடு நாளில் இடிக்கலாம். ஒரு வாரம் தள்ளி அனுப்பினால் அடுத்த கெடு நாளில் இடிக்கலாம். அமெரிக்காவில் உட்கார்ந்து ‘ஏழு நாள் இடைவெளி’ என்று டெம்ப்ளேட் எழுதியவருக்கு இது தெரியாது. நமக்குத் தெரியும். ஆனாலும் அந்த டெம்ப்ளேட்டை அப்படியே வைத்துக்கொண்டு, 20-ஆம் தேதி டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி கருவி) வேலை செய்யவில்லை என்று அக்கவுன்டன்ட் கத்தும்போது டிரைவரைத் தேடுகிறோம். அக்கவுன்ட்ஸைத் தனிக் குரூப்பாக்கி 12 முதல் 18 வரையிலான நாட்களில் ஒன்றை அவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள். பைலட்டில் ஒரு டிஎஸ்சி டோக்கன் கணினியும் கட்டாயம் இருக்கட்டும்.

இரவு 2 மணிக்கு மெயின்டனன்ஸ் விண்டோ (அப்டேட் இறங்க அனுமதித்த நேரம்) வைப்பதும் இப்படித்தான். நம் கிளைகளில் சாயங்காலம் ஏழு மணிக்குக் கடைசி ஆள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறார். அணைக்காவிட்டால் வாட்ச்மேன் அணைப்பார், மின்சாரச் சிக்கனம் பற்றி நிர்வாகம் ஒட்டிய நோட்டீஸே சுவரில் இருக்கிறது. இரண்டு மணிக்கு உங்கள் கன்சோல் யாரைத் தேடும்? காலை 9.15-க்குக் கணினியைப் போட்டதும் இரவு விடுபட்டதெல்லாம் ஒன்றாக இறங்கும். ஒரு கிளையில் இருபது கணினியும் ஒரே நேரத்தில், ஒரே மெல்லிய இன்டர்நெட் இணைப்பில். முதல் வாடிக்கையாளர் வரும்போது எல்லாத் திரையிலும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். கிளைகளுக்கு மதிய உணவு நேரமோ, வாரத்தில் ஒரு நாள் மட்டும் கணினியை அணைக்காமல் போகச் சொல்லும் சர்க்குலரோதான் சரிவரும். அந்த சர்க்குலர் ஐடி டீமிடமிருந்து வந்தால் யாரும் மதிக்கமாட்டார்கள். நிர்வாகத்தின் கையெழுத்தோடு வர வேண்டும். இருபது கணினியும் தனித்தனியாக வெளியிலிருந்து இறக்காமல், ஒன்று இறக்கியதை மற்றவை பகிர்ந்துகொள்ளும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள்.

ஒரு குரூப்பிலிருந்து அடுத்த குரூப்புக்குப் போகும் முன் எதைப் பார்ப்பது? கன்சோலில் தெரியும் ‘சக்சஸ்’ போதாது. இன்ஸ்டாலர் பூஜ்யம் என்று பதில் அனுப்பினால் அது சக்சஸ். 3010 என்று அனுப்பினால் அதுவும் சக்சஸ்தான், ஆனால் ரீஸ்டார்ட் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கணினியில் உண்மையான சோதனை இன்னும் தொடங்கவே இல்லை. அந்தக் குரூப்பிலிருந்து வந்த டிக்கெட்டுகளை (பதிவான புகார்களை) பாருங்கள். எத்தனை கணினி காலையில் வழக்கம்போல ரிப்போர்ட் செய்தது என்று பாருங்கள். கவுன்டருக்கு ஒரு போன் போட்டு, பில் அடித்ததா, லேபிள் வந்ததா என்று கேளுங்கள். அவசரம் இல்லாத அப்டேட் என்றால் ஒரு முழு வேலை நாளாவது போகட்டும்.

இதற்கெல்லாம் விலை உயர்ந்த கருவி வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மைக்ரோசாஃப்ட் இனிப் புதிதாக எதுவும் சேர்க்காது என்று அறிவித்துவிட்ட பழைய அப்டேட் சர்வரான டபிள்யூசஸ்-இலேயே குரூப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக அனுமதி கொடுக்கலாம். சென்னையில் உருவாகி உலகமெங்கும் போகும் ஜோஹோவின் எண்ட்பாயிண்ட் சென்ட்ரலில், சோதனைக் குரூப்புக்கு முதலில் அனுப்பிப் பார்த்து, பிறகு மற்றவர்களுக்கு அனுமதிக்கும் ஏற்பாடு இருக்கிறது. லினக்ஸ் சர்வர்களை ஆன்சிபிள் என்ற தானியங்கிக் கருவியில் ஓட்டுபவர்களுக்கு, இருபது சர்வரையும் ஒரே மூச்சில் தொடாமல் இரண்டிரண்டாகத் தொட ஒரே ஒரு வரி போதும். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கருவியிலேயே இது இருக்கும். பயன்படுத்த நேரம் கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான். ‘பேட்ச் 98 சதவீதம் ஏன் இன்னும் ஆகவில்லை?’ என்று வாரம் ஒரு முறை கேட்கும் ஆடிட் கூட்டத்தில், ‘லேப் கணினிகள் எந்தக் குரூப்பில் இருக்கின்றன?’ என்று ஒருவர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேள்வி எதுவோ, வேலையும் அதற்குத் தகுந்தபடிதான் நடக்கும்.

நிறுத்தும் அதிகாரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காலை 11 மணிக்கு மூன்று கவுன்டர்களிலிருந்து ஒரே மாதிரிப் புகார் வருகிறது என்று வையுங்கள். அனுப்பிக்கொண்டிருப்பதை நிறுத்த, பணியில் இருக்கும் ஜூனியர் பையனுக்கு அதிகாரம் இருக்கிறதா? மேலாளருக்குப் போன் செய்து, அவர் மீட்டிங்கில் இருந்து, அவர் தன் மேலாளரைக் கேட்டு முடிவு சொல்வதற்குள் அடுத்த இருநூறு கணினிக்கும் போய்விடும். தப்பாக நிறுத்திவிட்டால் அரை நாள் தாமதம், அவ்வளவுதான். அதற்காக அந்தப் பையனைத் திட்டமாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள். நிறுத்துவது வேறு, ஏற்கெனவே போனதைத் திருப்புவது வேறு என்பதும் நினைவிருக்கட்டும். 2024 ஜூலையில் கோப்பைத் திரும்பப் பெற்ற பிறகும், விழுந்த கணினிகளில் பெரும்பாலானவற்றை ஆள் நேரில் போய் சேஃப் மோடில் திறந்துதான் அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. டிஸ்க்கைப் பூட்டி வைத்திருந்தவர்களுக்கு ஒவ்வொரு கணினிக்கும் பிட்லாக்கர் சாவி, அதாவது அந்தப் பூட்டைத் திறக்கும் நீண்ட எண், வேண்டும். அந்தச் சாவிகளை வைத்திருந்த சர்வரே புளூ ஸ்கிரீனில் நின்ற இடங்களும் உண்டு. டொமைன் கன்ட்ரோலர்கள் (எல்லாருடைய லாகினையும் சரிபார்க்கும் சர்வர்கள்), சாவி வைத்திருக்கும் சர்வர், கன்சோல் சர்வர் இவை மூன்றும் எந்தக் காரணத்துக்காகவும் மற்றவர்களோடு ஒரே நாளில் எதையும் பெறக் கூடாது. எமரியில் நடந்ததைப் படித்த பிறகு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

புதிதாக வாங்கி, பெட்டியைப் பிரித்து, நெட்வொர்க்கில் போட்டதும் எந்தக் குரூப்பிலும் சேராமல் ‘அன்அசைன்டு’ என்று கிடக்கும் கணினிகளையும் மறக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு முறை அந்தக் குரூப் காலியாக இருக்க வேண்டும். அதைப் பார்க்க ஒருவர் பெயர் சொல்லி நியமிக்கப்பட வேண்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த மாத இரண்டாம் செவ்வாய்க்கு முன், உங்கள் கன்சோலில் இருக்கும் குரூப்புகளின் பட்டியலை பிரிண்ட் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எதற்காக இருக்கிறது, யார் பொறுப்பு, கடைசியாக எப்போது சரிபார்த்தது என்று எழுதுங்கள். யாருக்கும் காரணம் தெரியாத குரூப்புகள் இருக்கும். அவற்றுக்கு அடுத்து அனுப்பவிருப்பதை நிறுத்தி வையுங்கள், அழிக்க வேண்டாம். யார் போன் செய்கிறார்கள் என்று ஒரு மாதம் பாருங்கள். நிர்வாகத்தினர் எக்ஸ்க்ளூட் பட்டியலை மட்டும் தனியாக வாங்கி, அதில் தங்கள் பெயர் இருந்தால் தாங்களே கையெழுத்துப் போட்டு நீக்கிக்கொள்ளட்டும். ஐடி டீம் நீக்கினால் அது மறுவாரமே திரும்ப வந்துவிடும்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து, உங்களில் சிலருடைய கன்சோலைத் திறந்து பார்த்த ஒரு பேட்ச் நிர்வாகி